ஜமால் கொண்டுவந்த டீசல் பாட்டில்

கப்பல் பாதையின் நடுவில் எஞ்சின் நின்றுபோன கதையை என் வாயால் நீங்கள் மூன்று தடவையாவது கேட்டிருப்பீர்கள். நம் படகு எஞ்சின் பட்டறையில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிடுவேன். டீசலில் அழுக்கு இருந்தது, பில்டர் அடைத்துக்கொண்டது, நானும் என் மனைவியும் மயிரிழையில் தப்பினோம் என்று முடிப்பேன். நீங்களும் வாயைப் பிளந்து கேட்டீர்கள். அதில் கப்பல் உண்மை, பயம் உண்மை. டீசல் மட்டும் பொய். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிவிட்டது, இனியும் இதைச் சுமந்துகொண்டு திரிய என்னால் முடியாது.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலையின் கடைசி சில வருடங்கள் நானும் பார்வதியும் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருந்தோம். படகு எங்களுடையது அல்ல. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். வருடத்தில் ஒரு மாதம் வந்து ஓட்டிவிட்டுப் போவார். மற்ற மாதங்களில் யாராவது அதில் தங்கி எஞ்சினையும் கயிறுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படகு போர்ட் கிள்ளானில் ஆற்றோரப் படகுத்துறையில், ஜெட்டியில் கட்டியிருந்தது. பண்டமாரானில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் அதில் ஏறினோம். நான் கேட்டதும் பார்வதி சம்மதித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் மகள் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு என்று ஒரு அறையே ஒதுக்கி வைத்திருந்தாள். பார்வதி படகில் கால் வைத்த அன்றே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் ஒரே ஒரு தடவை நிஜமா பயந்துட்டேன்னா, பையைத் தூக்கிட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிடக்கூடாது."

அவள் எதையும் இரண்டு முறை சொல்கிறவள் அல்ல. இருபது வருடம் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள். அவள் மேசையைத் தாண்டாமல் ஒரு பெட்டியும் கப்பலில் ஏறாது. எனக்குத் தண்ணீர் பயம் கிடையாது. அவள் இல்லாத படகில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால்தான் பயம். கதை முழுக்க இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்த எல்லாக் கோணல் வேலைக்கும் இதுதான் காரணம்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஜமால் டீசல் கொண்டுவந்தான். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரன். வேலை பெர்மிட்டில் வந்து, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முதலாளியிடம் டீசல் படகு ஓட்டுகிறவன். மறுநாள் நாங்கள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் வேறொரு பட்டறைக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும், அடிப்பாகத்துக்குச் சாயம் பூச. அதனால் டாங்கியை நிரப்பச் சொல்லியிருந்தேன்.

"கழுத்து வரைக்கும் ஊத்தியாச்சுண்ணே. ஒரு பொட்டு கூட சிந்தல," என்றான். பார்வதி அவனுக்குச் சுண்டலும் தேத்தண்ணியும் கொடுத்தாள்.

அவன் போனதும் பூஜையை ஆரம்பித்தோம். லோரிக்காரர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? நான் பழத்தைப் படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்து நசுக்கினேன். சாறு என் சட்டையில் பீச்சியது. பார்வதி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சுக்கானுக்கு, திசைகாட்டிக்கு, எஞ்சினுக்கு, பேட்டரிக்கு, கருவிப்பெட்டிக்கு, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் கெட்டியாகப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். முன்பக்கம் நங்கூரத்துக்கு மாலை போட்டேன். நங்கூரச் சங்கிலி இருக்கும் பெட்டியின் மூடி மேல் பார்வதியின் கறிவேப்பிலைத் தொட்டியும் இரண்டு புதினாத் தொட்டியும் இருந்தன. வீடு என்று ஆகிவிட்டால் அப்படித்தான், காலியாக இருக்கும் இடமெல்லாம் தொட்டி வந்துவிடும். அவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு.

மறுநாள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். கடல் வற்றத் தொடங்கியிருந்தது, நீரோட்டம் எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகும் என்பது கணக்கு. காற்று சுத்தமாக இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பாய்மரப் படகில் காற்றும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் போனால் அது வெறும் மிதக்கும் அலமாரி. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் என் எஞ்சின்மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம்.

முக்கால் மணி நேரத்தில் சத்தம் மாறியது. எஞ்சின் இரண்டு தடவை விக்கியது, பிறகு நின்றது.

எத்தனையோ எஞ்சின்கள் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அவை வேறு யாருடைய எஞ்சின்களோ. நான் சட்டைக்கையை மடித்துக்கொண்டு ஏறுவேன், சரிசெய்வேன், இறங்கி வீட்டுக்குப் போவேன். அன்று நான் நின்றுகொண்டிருந்ததே வீடு. அடுப்பில் பருப்பு இருந்தது. கொடியில் பார்வதியின் கைலி காய்ந்துகொண்டிருந்தது. அந்த அமைதியில் தண்ணீர் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

அப்போது நான் செய்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். நேராகக் கீழே ஓடினேன். எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். எஞ்சின் நின்றால் மெக்கானிக் எஞ்சினைத்தான் பார்ப்பான். படகு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்க மாட்டான். எண்ணெய் வரவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. நேற்று ஊற்றிய டீசல்தான் என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன். படகு பாட்டுக்கு நீரோட்டத்தில் போய்க்கொண்டிருக்க, நான் போனை எடுத்து ஜமாலைக் கூப்பிட்டேன்.

"டீசலா அது? தண்ணியும் சகதியும். என்னையும் என் பொண்டாட்டியையும் கொல்லப் பார்த்தியாடா? உன் தவுக்கேகிட்ட பேசிக்கிறேன் இரு."

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் வைத்துவிட்டேன். பில்டரைக் கழற்றினேன். உண்மையில் அதில் சொல்லும்படி அழுக்கே இல்லை. அதையும் என் கண் பார்த்தது, மனது பார்க்க மறுத்தது. புதுசு போட்டு, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேலே ஏறி வந்து, "அவ்வளவுதான்" என்று பார்வதியிடம் கையைத் தட்டிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம பாதைக்கு உள்ள வந்துட்டோம்ங்க," என்றாள்.

பெரிய கப்பல்கள் போகும் பாதையின் ஓரத்தைக் காட்டும் மிதவை எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. நான் கீழே தலையை விட்டிருந்த நேரத்தில் நீரோட்டம் எங்களை அதைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டது. எஞ்சின்தான் ஓடுகிறதே, குறுக்கே வெட்டி வெளியே போய்விடலாம் என்றேன். பன்னிரண்டு நிமிடம் ஓடியிருக்கும். அதே விக்கல். மறுபடியும் நின்றது.

இந்த முறை தூரத்தில் ஒரு கப்பல் இருந்தது. பெட்டிகளை அடுக்கிய கப்பல், நேர் எதிரே. நேர் எதிரே வரும் கப்பல் அசைவது போலவே தெரியாது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கொஞ்சம் உயரமாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் கீழே ஓடினேன். அதே எஞ்சின், அதே பில்டர், அதே ஸ்பேனர். அவசரத்தில் காற்று எடுக்கும் திருகு நழுவி அடித்தளத்து அழுக்குத் தண்ணீரில் விழுந்தது. மண்டியிட்டுத் துழாவினேன். ஒரு திருகு கிடைத்துவிட்டால் உலகமே சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் மனிதன் தனக்குத் தெரிந்த வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். அதை உழைப்பு என்று நினைத்துக்கொள்கிறான்.

"மேல வாங்க," என்றாள் பார்வதி.

"ரெண்டு நிமிஷம் லா."

"ரெண்டு நிமிஷத்துல அந்தக் கப்பல் இந்த இடத்துல இருக்கும். எஞ்சினை விட்டுட்டு வாங்க. நங்கூரம்."

அவள் குரலில் கத்தல் இல்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மேலே வந்தேன். கப்பலின் மூக்கில் இருந்த துரு தெரிந்தது. அவள் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, மலாயில், அலுவலகத்தில் பேசுவதுபோல நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பாய்மரப் படகு, எஞ்சின் செத்துவிட்டது, இரண்டு பேர், எந்த மிதவையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் இழுத்துப் போகிறது. எல்லாம் சரியாகச் சொன்னாள். மறுமுனையில் துறைமுகக் கட்டுப்பாட்டு ஆள் ஒருவர் அதைத் திருப்பிச் சொன்னார். கப்பல் நிற்க முடியாது, முடிந்தவரை விலகும், நீங்களும் விலகுங்கள் என்றார். எதை வைத்து விலகுவது?

நீரோட்டம் எங்களைப் பாதையின் மறு ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அங்கே ஆழம் குறைவு, அடியில் சேறு. அந்த விளிம்பில் நங்கூரம் பிடித்தால் பிழைப்போம். அதற்கு முன்பே போட்டால் கப்பலுக்கு நேராக எங்களை நாங்களே கட்டிப்போட்டது போலாகும். அதற்குப் பிறகு போட்டால் சேற்றுத் திட்டில் சாய்ந்துவிடுவோம். சுக்கானை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிக் கட்டிவிட்டு முன்னால் ஓடினேன். அங்கே தொட்டிகள். மாலை. மாலையைக் கட்ட நானே போட்ட முடிச்சு வெயிலில் இறுகிப்போயிருந்தது. என் விரல்களுக்கு அது அவிழவில்லை. பார்வதி வந்தாள். கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக் கடலில் போட்டாள். நான்கு வருடம் வளர்த்த செடி. பிறகு புதினாத் தொட்டிகளையும். சமையல் கத்தியால் மாலையை அறுத்தாள்.

"ஆழம் எவ்வளவு?" என்றேன்.

அவள் ஓடிப்போய் ஆழம் காட்டும் கருவியைப் பார்த்துக் கத்தினாள். "பதினெட்டு மீட்டர்."

"இன்னும் வேணாம்."

"பதினஞ்சு."

கப்பல் ஊதத் தொடங்கியது. ஐந்து குட்டைச் சத்தம். உங்கள் வழி என்ன என்று புரியவில்லை, ஆபத்து என்று பொருள். அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அழுதுகொண்டிருந்தேன்.

"பன்னெண்டுங்க."

விட்டேன். சங்கிலி சடசடவென்று ஓடியது. நின்றது. படகு இழுபட்டது, இன்னும் கொஞ்சம் இழுபட்டது, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது. கப்பல் எங்களைக் கடந்தது. நீலமும் துருவுமாக ஒரு சுவர், முடிவே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. மேலே ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அவன் முகம் தெரிந்தது, அவ்வளவு பக்கம். அதன் அலை வந்து அடித்தபோது உள்ளே தட்டு, குண்டான், பருப்பு எல்லாம் தரையில். பார்வதியும் நானும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் உடம்பு நடுங்குவதை என் தோளில் உணர்ந்தேன். அவள் பயந்துவிட்டாள். நிஜமாகவே பயந்துவிட்டாள். கப்பல் போன பிறகு என் பயம் போகவில்லை, இனி அவள் போய்விடுவாள் என்ற பயமாக மாறி உட்கார்ந்துகொண்டது.

எனக்குத் தொழில் பழக்கிய ஃபோர்மன் ஒருவர் இருந்தார். எந்தப் படகிலிருந்து எவன் ஓடிவந்தாலும் அவர் முதலில் கேட்பது, "கடைசியா யாரு கை வச்சா?" என்றுதான். ஆள் பிடித்துத் திட்டுவதற்காகக் கேட்கிறார் என்று நாங்கள் மறைவில் அவரைக் கேலி செய்வோம். நங்கூரத்தில் நின்றுகொண்டு, நடுக்கம் குறைந்த பிறகு, அந்தக் கேள்வி எனக்கு வந்தது. கடைசியாக யார் கை வைத்தது? ஜமால். அவனுக்குப் பிறகு?

டாங்கியின் மூடியைத் திருகினேன். ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. டாங்கி மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கிறது. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும், அதற்கென்று வெளியே ஒரு சின்ன வாய் உண்டு. நான் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். பத்துக் காசு அளவில் ஒரு வெள்ளித் தகடு, நடுவில் ஓட்டை. ஓட்டையை மூடிக்கொண்டு, காய்ந்து சுண்ணாம்பாய் இறுகிய சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம், கொஞ்சமும் கலையாமல். ஒரு நெற்றியில் வைத்தமாதிரி அழகாகத்தான் வைத்திருந்தேன்.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தேன். கீழே விழுந்த திருகையும் தேடி மாட்டி, குழாயின் காற்றை எடுத்தேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது, பிறகு நிற்கவே இல்லை.

"என்ன கோளாறு?" என்று பார்வதி கேட்டாள். கொட்டிய பருப்பை வழித்துக்கொண்டிருந்தாள்.

என் கைதான் கோளாறு என்று சொன்னால் அவள் அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. "டீசல்தான். அழுக்கு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். திரும்பவும் பருப்பை வழிக்கக் குனிந்தாள்.

தெலுக் பங்லிமா காராங் போகாமல் திரும்பிவிட்டோம். ஜெட்டியில் ஜமால் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து நிற்கிறானாம். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். எங்களுக்கு ஊற்றிய அதே டாங்கியிலிருந்து பிடித்த டீசல். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணே, நீங்களே பாருங்க. தண்ணி இல்ல, தூசி இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியலண்ணே. தவுக்கேகிட்ட சொல்லிறாதீங்க. பெர்மிட்டை ரத்து பண்ணிட்டாருன்னா ஊருக்குத்தான் போகணும். தங்கச்சி நிக்காஹ் இருக்கு."

வெயிலில் அந்த டீசல் தேன்போலத் தெளிவாக இருந்தது. என் நகக்கண்ணில் மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருந்தன. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் பெருந்தன்மையோடு அவன் தோளில் கை வைத்து, "சரி விடு. இந்தத் தடவை சொல்லல. இனிமே பார்த்து ஊத்து" என்றேன். செய்யாத தப்புக்கு அவனை மன்னித்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். கப்பல் வந்தபோது அழுததற்கு நான் வெட்கப்படவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

பார்வதி மகள் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. ஆனால் அவள் பையை மடித்துக் கட்டிலுக்கு மேலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது, அந்தப் பை அங்கே இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கதையை மட்டும் பட்டறையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய்யை நிறையச் சொன்னால் அது பழகிப்போகும் என்று நினைத்தேன். பழகவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். பார்வதி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"படகுக்கு நான் வைக்கிறேன். நீங்க தள்ளி நில்லுங்க."

அவள் சுக்கானுக்கு வைத்தாள், எஞ்சினுக்கு வைத்தாள். பக்கவாட்டில் அந்த வெள்ளித் தகட்டின் அருகே குனிந்து, ஓட்டைக்கு நான்கு விரல் தள்ளி, மரத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே ஜமாலைத் தேடிப் போனேன். அவன் டீசல் படகில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, ஓட்டை, நகம், பொய். அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

"அக்கா அன்னைக்கு சாயங்காலமே வந்து சொல்லிட்டாங்கண்ணே. பெர்மிட்டுக்கு ஒண்ணும் ஆகாது, நீ பயப்படாதேன்னாங்க. அவரே ஒருநாள் வந்து சொல்வாரு, அதுவரைக்கும் நீ தெரிஞ்சமாதிரி காட்டிக்காதேன்னும் சொன்னாங்க."

"ஒரு வருஷமாவா?"

"அக்கா சீக்கிரம் வந்துருவீங்கன்னுதான் நெனச்சாங்க," என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "ஒண்ணு கேக்கலாமாண்ணே?" என்றான். "உங்க பட்டறைப் பசங்க நான் டீசல் ஊத்த வந்தா பாட்டில்ல பிடிச்சு மோந்து பார்க்குறாங்க. ஒருத்தருக்கொருத்தர் பார்த்துச் சிரிச்சுக்குறாங்க. அவங்ககிட்டயும் சொல்லிருங்களேன்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும் நாள்வரை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. எஞ்சின் நின்றால் முதலில் படகை நிறுத்துங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் கையைப் பாருங்கள். இதை நேரில் சொல்லியிருந்தால் நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். ஜமாலைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் பட்டறைக்கு வருவான். பாட்டிலை மோந்து பார்க்காதீர்கள். அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.